வலிக்கு வீடியோ பரிசோதனை: செல்போன் போதுமா, ஏஐ ஆப் வேண்டுமா, சென்னை லேப் வரை போகணுமா?

வேலூர் கோட்டையைச் சுற்றிக் காலையில் ஓடுகிறவருக்கு முட்டி வலி. காட்பாடியில் ஃபாஸ்ட் பவுலிங் பழகும் பையனுக்கு இடுப்பு பிடிக்கிறது. சத்துவாச்சாரியில் வெயிட் தூக்கும் பெண்ணுக்கு தோள்பட்டை. மூவருக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: “மூவ்மென்டை வீடியோ எடுத்துப் பாத்துடலாம்.” அதற்குப் பிறகுதான் குழப்பம். பி.டி. மாஸ்டர் செல்போனிலேயே எடுக்கலாம் என்கிறார். ஒரு கிளினிக் ‘ஏஐ பரிசோதனை’ என்று போர்டு வைத்திருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர், சென்னைக்குப் போய் பெரிய லேபில் பார்த்துவிடுங்கள் என்கிறார்.

மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே காசைக் கரியாக்கலாம். எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

## கேமராவே வேண்டாத வலிகள்

வீடியோவில் தெரிவது அசைவு மட்டும். உள்ளே எது கிழிந்தது, எந்த எலும்பில் கீறல் என்பது அதில் தெரியாது. கீழே சொல்லும் நிலைகளில் யாராவது முதலில் வீடியோ எடுக்கலாம் என்றால், மறுத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

- விளையாடும்போது முட்டியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டது. முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.
- முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை.
- கணுக்கால் பிசகிய பிறகு நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. அல்லது கணுக்கால் மொட்டின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ எலும்பைத் தொட்டால் வலி. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.
- முன்கால் எலும்பில் ஒரே விரலால் ‘இங்கேதான்’ என்று காட்ட முடிகிற வலி, ராத்திரியிலும் விடாத வலி.
- வளரும் வயதில் உள்ள ஃபாஸ்ட் பவுலருக்குக் கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது. முள்ளெலும்பில் அழுத்தக் கீறலா என்பதை எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன்தான் சொல்லும். பவுலிங்கை அன்றே நிறுத்த வேண்டும். வீடியோ எடுக்க இன்னும் பத்து பந்து போடச் சொல்வது பெரிய தப்பு.

இவற்றைத் தாண்டி வருவதுதான் வீடியோவின் வேலை. ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் வரும் வலி, ஆறு மாதமாகப் போய்ப்போய் வரும் வலி, ஆபரேஷனுக்குப் பிறகு ‘மறுபடி ஆடலாமா’ என்ற கேள்வி ஆகியவை அப்படிப்பட்டவை.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தத் தளத்தில் நடக்கும் அசைவு. கேமராவுக்கு முன் ஒரு திரை விரித்திருப்பதாக நினைத்துக்கொண்டால், ஒற்றைக் கேமராவுக்கு அந்தத் திரைக்கு இணையான கோணங்கள் மட்டுமே சரியாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து முட்டி மடங்குவதை நன்றாகப் பார்க்கலாம். தொடை உள்ளே சுழல்வதைப் பார்க்க முடியாது. அது மட்டுமல்ல, ஏமாற்றவும் செய்யும். தொடை கொஞ்சம் உள்பக்கம் திரும்பிய நிலையில் முட்டி மடங்கினால், அந்த மடக்கமே முன்பக்க வீடியோவில் ‘முட்டி உள்ளே விழுவதாக’ தெரியும். உண்மையான முட்டிக் கோணல் எவ்வளவு, இடுப்புச் சுழற்சி எவ்வளவு என்று அந்தப் படத்திலிருந்து பிரிக்க முடியாது.

வேகம். மணிக்கு 12 கி.மீ. ஓடுகிறவர் சாதாரண 30 ஃப்ரேம் (நொடிக்கு 30 படம்) வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 11 செ.மீ. நகர்ந்துவிடுவார். 240 ஃப்ரேமில் அது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. நிதான ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பதே சுமார் கால் நொடி. குதிகால் தரை தொடும் அந்தக் கணம் 30 ஃப்ரேமில் நழுவிப்போகும்.

ஆறு வாரம் கழித்து அதே மாதிரி எடுக்க முடியுமா. பலர் கேட்காத கேள்வி இது. முதல் தடவை எவ்வளவு துல்லியம் என்பதைவிட, இரண்டாம் தடவை அதே நிபந்தனையில் எடுக்க முடிவதுதான் சிகிச்சைக்கு உதவும்.

யார் படிப்பார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயிற்சியை மாற்றித் தர ஆள் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

மொத்தச் செலவு. கட்டணத்தோடு போகிற நாள், கூட வருகிறவரின் சம்பள நாள், வீடியோ யார் கையில் போகிறது என்பதும் சேர்ந்தது.

## ஒன்று: கேமரா இல்லாமல், பிசியோவின் கண்ணும் கையும்

கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம், ஆனால் இதுதான் அடிப்படை. எந்தக் கேமராவும் தொட்டுப் பார்க்காது. எந்தத் தசை பலவீனம், எந்த மூட்டு இறுகியிருக்கிறது, எங்கே அழுத்தினால் வலி என்பது கைக்குத்தான் தெரியும். மெதுவான அசைவுகளுக்குக் கண்ணே போதும்: ஒற்றைக்காலில் பாதி உட்காருவது, படியிலிருந்து ஒரு காலால் இறங்குவது, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. வலது கால் 25 தடவை தூக்கி, இடது கால் 12-இல் நின்றுவிட்டால், அந்தக் குறையை எடுத்துக்காட்ட வீடியோ தேவையில்லை.

பழைய ஷூவையும் கொண்டுபோக வேண்டும். அடிப்பாகத்தின் தேய்மானம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தின் பதிவு. இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களுக்காக டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் சி.எம்.சி. மருத்துவமனையிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பாதச்சுவட்டையும் செருப்புத் தேய்மானத்தையும் பார்த்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்த வேலையில்தான் மெத்தென்ற ரப்பர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) வைத்த எம்.சி.ஆர். செருப்பு உருவானது.

ஓட்டம், குதித்து இறங்குதல், பவுலிங் என்று வந்துவிட்டால் கண் தோற்றுவிடும். போன மாதம் எப்படி ஓடினார் என்பதைக் கண் நினைவிலும் வைத்திருக்காது. கூட்டமான ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுவதுதான் இதன் மறைமுகச் செலவு.

## இரண்டு: செல்போன் ஸ்லோமோஷன், கூடவே கினோவியா

வேலூர் பக்கத்தில் பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான தேர்வு. முறையாக எடுத்தால்தான். முறை தப்பினால் இங்கே பார்க்கும் நான்கு வழிகளிலும் மோசமானது இதுவே, ஏனென்றால் தப்பான கோணத்தை டிகிரிக் கணக்கில் நம்பவைத்துவிடும்.

கினோவியா இலவச மென்பொருள், விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும். வீடியோவில் கோணம் அளக்கலாம், பார்பெல் போகும் பாதையை வரையலாம், இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம்.

எடுக்கும் முறை:

1. டிரைபாட் கட்டாயம். ஓட்டத்துக்கு லென்ஸ் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பாதத்தை மட்டும் பார்ப்பதானால் முட்டிக்குக் கீழே.
2. ஆளிடமிருந்து 5 அல்லது 6 மீட்டர் தள்ளி வைத்து 2எக்ஸ் ஜூம் போடுங்கள். பக்கத்தில் வைத்து 0.5எக்ஸ் அகல லென்ஸில் எடுத்தால் ஓரங்களில் கால் வளைந்து தெரியும்.
3. போன் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை ஃப்ரேமுக்குள் தொங்கவிடுங்கள். போன் 3 டிகிரி சாய்ந்தால் இடுப்பும் 3 டிகிரி சாய்ந்ததாகப் படிப்பீர்கள்.
4. 240 ஃப்ரேம், இல்லாவிட்டால் 120. வெயிட் லிஃப்டிங்குக்கு 60 போதும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் விரலால் அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள்.
5. அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு நன்றாக வேலை செய்யும். பக்கவாட்டில் தொடை எலும்பின் வெளிமுனை, முட்டியின் வெளிப்பக்கம், வெளிக் கணுக்கால், சுண்டுவிரல் அடி. முன்பக்கமென்றால் இரண்டு இடுப்பெலும்பு முனைகள், முட்டிச் சில்லின் நடு, கணுக்காலின் நடு. வியர்வையில் உதிரும், அதனால் முதலில் மைக்ரோபோர் டேப் ஒட்டி அதன்மேல் பொட்டு.
6. தொளதொள ஷார்ட்ஸ் வேண்டாம். உடம்போடு ஒட்டிய லெக்கின்ஸ், டிராக் பேன்ட் போதும். பெண் பிள்ளைகளுக்கும் இதுவே வசதி.
7. பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. வலி நான்காவது கிலோமீட்டரில்தான் வருமென்றால் ஆரம்பத்தில் ஒரு தடவை, நான்கு கி.மீ. முடிந்து களைத்த பிறகு இன்னொரு தடவை. வலியே வராத நிலையில் எடுத்த வீடியோ அழகாக இருக்கும், உதவாது.
8. ஓரடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து அடிகளை அளந்து சராசரி எடுங்கள்.

இனி கெடுக்கிற விஷயங்கள். முதல் குற்றவாளி வாட்ஸ்அப். வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஸ்லோமோஷனுக்காக எடுத்த நுணுக்கம் காணாமல் போகும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். இரண்டாவது, கினோவியாவில் நேரக் கணக்கு. 240-இல் எடுத்த கோப்பு 30-இல் ஓடுவதாகச் சேமிக்கப்பட்டிருந்தால், உண்மையான ஃப்ரேம் எண்ணை நீங்கள் சொல்லாதவரை எல்லா நேரமும் எட்டு மடங்காக வரும். கால் நொடி தரையில் இருந்த பாதம் இரண்டு நொடி இருந்ததாகக் காட்டினால் பிழை இதுதான். மூன்றாவது வெளிச்சம். இன்டோர் ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே 240-இல் எடுத்தால் படம் மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். வெளியே எடுக்கலாம் என்றால் நம் ஊர் மே மாதத்து மதியத்தில் போன் சூடேறித் தானே நின்றுவிடும். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

வெயிட் லிஃப்டிங்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் சத்துவாச்சாரி, அதனால் இங்கே இந்தக் கேள்வி அடிக்கடி வரும். போட்டியில் பாரில் மாட்டும் பெரிய தட்டின் விட்டம் 450 மி.மீ. அதையே கினோவியாவில் அளவுகோலாக வைப்பது வழக்கம். பாரின் பாதைக்கு அது சரி. ஆனால் தட்டு, ஆளின் உடல் நடுவைவிட கேமராவுக்கு சுமார் 70 செ.மீ. அருகில் இருக்கிறது. 5 மீட்டர் தூரத்தில் எடுத்தால், அந்த அளவுகோலில் உடம்பின் தூரங்கள் ஏழில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். கோணத்தை நம்புங்கள், உடம்பின் செ.மீ. கணக்கை நம்பாதீர்கள். தொடக்க நிலையில் தட்டு முன்காலையும் மறைக்கும் என்பதால் 45 டிகிரி முன்பக்கத்திலிருந்து இன்னொரு வீடியோ வேண்டும்.

குதித்து இறங்குவதைப் பார்க்க எல்.இ.எஸ்.எஸ். என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து, தன் உயரத்தில் பாதித் தூரம் முன்னால் குதித்து, இறங்கியதும் மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு எம்ப வேண்டும். முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. 17 விஷயங்களைப் பார்த்துப் பிழைகளை எண்ணுவார்கள், 6-க்கு மேல் போனால் மோசமான இறக்கம். கபடி, வாலிபால், பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்குப் பொருத்தமானது.

ஓட்டக்காரர்களுக்கு இதில் கைமேல் கிடைக்கும் பலன் அடி எண்ணிக்கை. வலது கால் 30 நொடியில் எத்தனை தடவை தரை தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். குதிகால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழுந்து, முட்டி நீட்டியபடி தரை தொட்டால், அதே வேகத்தில் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டியின் சுமை குறையும். 160 அடி எடுப்பவர் 168-க்குப் போவது. நேராக 180-க்குத் தாவினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

மறைமுகச் செலவு நேரம்தான். முதல் தடவை முக்கால் மணி நேரம் எடுப்பு, அதே அளவு அளப்பு. வேறு ஆள் புள்ளி வைத்தால் கோணம் மாறும், அதனால் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே ஷூ. ஐந்து டிகிரிக்குள் வரும் மாற்றத்தை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம்.

## மூன்று: ஏஐ ஆப்

இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

ஒரே போனில் எடுத்து உடனே கோணம் காட்டுபவை முதல் வகை. மீடியாபைப் என்ற கூகுள் மென்பொருள் போன்றவை உடம்பில் 33 புள்ளிகளை ஊகித்து வைக்கும். ஊகம் என்பதை மறக்கக்கூடாது. இடுப்பு மூட்டு எங்கே என்று சட்டைக்கு மேலிருந்து அதற்குத் தெரியாது. ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு கால்களும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் இடதை வலது என்று மாற்றிவிடும். ஆனால் ரிப்போர்ட்டில் சிவப்பு, பச்சைக் கட்டங்களோடு ‘67.3 டிகிரி’ என்று தசமப் புள்ளி இருக்கும். அந்தத் தசமத்துக்கு மரியாதை கொடுக்கத் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு சோதனை கேளுங்கள்: பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கச் சொல்லி, இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வையுங்கள். எண்கள் எவ்வளவு ஆடுகின்றனவோ, அதற்குக் குறைவான எந்த மாற்றத்துக்கும் பொருள் கிடையாது. செய்ய மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

இரண்டாவது வகை, ஒன்றுக்கு மேற்பட்ட கேமராவிலிருந்து முப்பரிமாணம் கணக்கிடுவது. ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2023-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஓபன்கேப் இதில் தெரிந்த பெயர். இரண்டு ஐபோனோ ஐபேடோ, இரண்டு டிரைபாட், கேமராக்களை ஒப்பிட ஒரு சதுரங்கக் கட்ட அச்சு, ஒரு லேப்டாப் பிரவுசர் வேண்டும். அந்தக் கட்டுரையில், உடம்பில் அடையாள உருண்டைகள் ஒட்டி அளக்கும் மார்க்கர் லேபோடு ஒப்பிட்டபோது மூட்டுக் கோணங்களில் சராசரிப் பிழை 4.5 டிகிரி. நடை, உட்கார்ந்து எழுவது, குதிப்பது போன்றவற்றுக்கு நல்ல விலைக்கு நல்ல சரக்கு. கட்ட அச்சை மெல்லிய தாளில் எடுத்துக் கையில் பிடித்தால் வளைந்து எல்லாக் கணக்கும் கெடும், தடித்த அட்டையில் ஒட்ட வேண்டும். வீடியோ வெளி சர்வருக்குப் போகிறது. ஆராய்ச்சிக்கு இலவசம் என்பதால் கட்டணம் வாங்கும் கிளினிக்கும் அப்படியே பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை, உரிமம் தனி.

## நான்கு: மார்க்கர் வைத்த முழு லேப்

எட்டு முதல் பன்னிரண்டு அகச்சிவப்புக் கேமரா, உடம்பெங்கும் ஒளி திருப்பும் சிறு உருண்டைகள், தரைக்குள் புதைத்த விசைத்தட்டு. மற்ற மூன்றாலும் முடியாதது இரண்டு: சுழற்சியைச் சரியாக அளப்பது, தரையிலிருந்து வரும் விசையை நேரடியாக அளப்பது. ஃபாஸ்ட் பவுலரின் முதுகுக்கு இது முக்கியம். ஓடிவந்து பின்கால் ஊன்றிய பிறகு தோள்கள் இடுப்புக்கு எதிராக எவ்வளவு திரும்புகின்றன என்பது பக்கவாட்டு வீடியோவில் சிக்காது. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம், பவுலிங் ஆக்‌ஷனைச் சோதிக்க ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்றது.

லேபும் தெய்வமல்ல. உருண்டை ஒட்டியிருப்பது தோலில், எலும்பில் அல்ல. குதிக்கும்போது தொடைத் தோல் குலுங்குவதும் கணக்கில் ஏறும். 2 முதல் 5 டிகிரி பிழை இந்தத் துறையில் ஏற்றுக்கொண்ட ஒன்று.

போவதற்கு முன் போனில் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, விசைத்தட்டு உண்டா, பவுலர் முழு ரன்-அப் எடுக்க இடமிருக்கிறதா, ரிப்போர்ட் எத்தனை நாளில், எங்கள் பிசியோவிடம் பேசுவீர்களா. வேலூரிலிருந்து ஒரு நாள் முழுசாகப் போகும். போரூர் என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரல் வரை போய்த் திரும்புவதைவிட, பஸ்ஸில் பூந்தமல்லியில் இறங்குவது சுலபம். அன்றைக்கு வலி இல்லாவிட்டால் என்ன என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்பில், பழக்கமில்லாத தரையில், உடம்பெல்லாம் உருண்டையோடு ஓடுவது உங்கள் வழக்கமான ஓட்டமாக இருக்காது.

## ஒரே பார்வையில்

| | கண்ணும் கையும் | செல்போன் + கினோவியா | ஏஐ (இரண்டு கேமரா) | முழு லேப் |
|---|---|---|---|---|
| பக்கவாட்டுக் கோணம் | மெதுவான அசைவில் மட்டும் | நன்று | நன்று | மிக நன்று |
| சுழற்சி | ஓரளவு | முடியாது | ஓரளவு | முடியும் |
| தரை விசை | இல்லை | இல்லை | கணிப்பு மட்டும் | நேரடி அளவு |
| ஆறு வாரத்தில் மறுபடி | சுலபம், நினைவை நம்பி | சுலபம் | சுலபம் | சிரமம் |
| மறைமுகச் செலவு | நேரமின்மை | தப்பான எடுப்பு | உரிமம், தகவல் வெளியே போவது | ஒரு நாள், பயணம் |

## யாருக்கு எது

நாற்பது வயதில் அரை மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவரின் முட்டி வலிக்கு முதல் இரண்டும் சேர்ந்தாலே போதும். லேப் அவருக்கு ஆடம்பரம்.

பதினைந்து வயது பவுலருக்கு முதலில் ஸ்கேன், பிறகு ஓய்வு. திரும்ப வரும்போது ஆக்‌ஷனை மாற்றப்போகிறோம் என்றால் மட்டும் ஒரு தடவை லேப். மாற்றச் சொல்லித்தர கோச் இல்லையென்றால் அந்தச் செலவும் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை பந்து போடுகிறான் என்று நோட்டில் எழுதுவது அதைவிட உபயோகம்.

ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்தவருக்கு ஒன்பது மாதத்துக்கு முன் எந்த வீடியோவும் பச்சைக்கொடி காட்டக்கூடாது. ஒற்றைக்காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று பலர் ஆட இறங்கிவிடுகிறார்கள். தூரம் சமமாக இருந்தாலும், முட்டியை மடக்காமல் இடுப்பையும் முதுகையும் வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். பக்கவாட்டில் 240 ஃப்ரேமில் இறங்கும் கணத்தைப் பார்த்தால் இந்தத் திருட்டு பிடிபடும். இதற்கு இரண்டாவது வழியே போதும். பெரிய அணியில் ஆடுகிறவரென்றால் லேப் நியாயம்.

பள்ளி அணியில் இருபது பிள்ளைகளையும் வீடியோ எடுத்து ‘யாருக்கு அடிபடும்’ என்று முன்கூட்டியே சொல்லும் பேக்கேஜ் வந்தால் வாங்காதீர்கள். இத்தகைய சோதனைகள் தனி ஆளின் காயத்தை முன்னறிய உதவுவதில்லை என்று நார்வேயின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் ரோல்ட் பார் 2016-இலேயே விளக்கி எழுதியிருக்கிறார். அந்தப் பணத்துக்குப் பதில், காயத்தைக் குறைக்க வகுத்த ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை வாரத்தில் இரண்டு மூன்று நாள், இருபது நிமிடம் எல்லோருக்கும் செய்யவைக்கலாம், காசும் ஆகாது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எடுக்குமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சிறார் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ போகக்கூடாது. வேலை முடிந்ததும் யார் போனிலிருந்து எப்போது அழிப்பது என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிசியோவிடம் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: தேய்ந்த பழைய ஷூ, இப்போது போடும் ஷூ, வலி எந்த நிமிடத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்த தாள், டிரைபாடில் 240-இல் எடுத்த இரண்டு வீடியோ. போனையே கொண்டுபோங்கள், ஒரிஜினல் கோப்பு அதில்தான் இருக்கும்.